பக்கத்தை விட்டு வெளியே சென்று பார்த்தல்: இணையத் தகவலின் நம்பகத்தன்மையை எடைபோடும் முறை

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்ததும் அதை நம்பலாமா என்று தீர்மானிக்க நம்மில் பலர் செய்வது, அந்தப் பக்கத்தையே மேலும் கீழுமாக உற்றுப் பார்ப்பதுதான். வடிவமைப்பு நேர்த்தியாக இருக்கிறதா, எழுத்துப் பிழைகள் உண்டா, ‘எங்களைப் பற்றி’ என்ற பகுதியில் என்ன எழுதியிருக்கிறார்கள், கட்டுரையின் அடியில் சான்றுகளின் பட்டியல் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, இவை சரியாக இருந்தால் தகவலும் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். கல்வி நிலையங்களில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட சரிபார்ப்புப் பட்டியல்கள் பலவும் ஏறக்குறைய இதையே சொல்லிவந்தன. ஆனால் இவ்வாறு நாம் பார்க்கும் ஒவ்வொன்றும் அந்தத் தளத்தை நடத்துபவரின் கையில் இருக்கிறது. நேர்த்தியான வடிவமைப்பை எவரும் விலைக்கு வாங்கலாம். பிழையற்ற உரையை இன்று மென்பொருளே எழுதித் தருகிறது. தம்மைப் பற்றித் தாமே எழுதும் அறிமுகத்தில் தமக்குப் பாதகமானதை எவரும் எழுதிவைப்பதில்லை.

இதை ஒரு சோதனை தெளிவாகக் காட்டியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகிய இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் இரண்டு மருத்துவ அமைப்புகளின் பக்கங்கள் கொடுக்கப்பட்டன. ஒன்று, 1930இல் தொடங்கப்பட்டு, பல்லாயிரம் குழந்தை மருத்துவர்களை உறுப்பினராகக் கொண்ட அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். மற்றொன்று, கொள்கை வேறுபாட்டால் அதிலிருந்து பிரிந்தவர்கள் 2002இல் தொடங்கிய அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ் என்ற மிகச் சிறிய அமைப்பு. பெயரும் தோற்றமும் ஒன்றுபோலவே இருந்ததால், மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறிய அமைப்பின் பக்கமே அதிக நம்பகமானது என்றார்கள். ஆவணங்களைத் துருவிப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட வரலாற்றாசிரியர்கள்கூடப் பலர் தடுமாறினார்கள். உண்மை சரிபார்ப்பாளர்கள் மட்டும் தடுமாறவில்லை. அவர்கள் கொடுக்கப்பட்ட பக்கத்தில் அதிக நேரம் தங்காமல், சில நொடிகளிலேயே உலாவியில் புதிய தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடப் போய்விட்டார்கள். மற்றவர்களைவிடக் குறைவாகப் படித்து, மற்றவர்களைவிட விரைவாகச் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. இந்தப் பழக்கத்தை ஆய்வாளர்கள் பக்கவாட்டு வாசிப்பு என்று அழைத்தார்கள். இக்கட்டுரையில் சொல்லப்போகும் முறைகள் பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்திலிருந்து கிளைப்பவை.

தளத்தைப் பற்றிப் பிறர் சொல்வது

நடைமுறையில் இதைச் செய்வது எளிது. அறிமுகமில்லாத தளம் ஒன்றைக் கண்டால், கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் அந்தத் தளத்தின் அல்லது அமைப்பின் பெயரைத் தனியாகத் தேடுபொறியில் இடுங்கள். அதன் சொந்தப் பக்கங்களே முடிவுகளை நிறைத்துவிடும் என்பதால், பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியையும் ‘சைட்’ (site) என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் அத்தளத்தின் முகவரியையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதினால், அந்தத் தளத்தைத் தவிர்த்த மற்ற இடங்களில் அதைப் பற்றி எழுதப்பட்டவை மட்டும் கிடைக்கும். கிடைத்த பட்டியலில் முதலில் இருப்பதையே சொடுக்கிவிடாமல், முதல் பக்கம் முழுவதையும் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். எந்தெந்த இடங்களில் அந்தப் பெயர் அடிபடுகிறது, எத்தகைய பேச்சோடு அடிபடுகிறது, விளம்பரம் என்று குறிக்கப்பட்ட முடிவுகள் எவை என்பவை அந்த ஒரு பார்வையிலேயே ஓரளவு விளங்கிவிடும்.

இந்தத் தேடலில் முக்கியமாக அறிய வேண்டியவை, தளத்தை நடத்துபவர் யார், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அது எழுதும் பொருளில் அதற்கு ஆதாயம் உண்டா என்பவையே. ஆதாயம் இருப்பதாலேயே ஒரு தகவல் பொய்யாகிவிடாது. மருந்து நிறுவனம் தன் மருந்தைப் பற்றி வெளியிடும் அளவுக் குறிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அதே நிறுவனம் தன் மருந்து போட்டியாளரின் மருந்தைவிடச் சிறந்தது என்று சொல்லும்போது, அதை உறுதிப்படுத்த வேறொருவர் தேவைப்படுகிறார். விக்கிப்பீடியாவை ஆதாரமாகக் காட்டக் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பவர்கள் இந்த இடத்தில் தயங்க வேண்டியதில்லை. ஒரு நிறுவனம் எப்போது தொடங்கியது, யாருடையது, அதன்மீது என்ன சர்ச்சைகள் உள்ளன என்பவற்றை ஒரு நிமிடத்தில் அறிந்துகொள்ள அது நல்ல தொடக்கம். அங்கே அடிக்குறிப்பாகத் தரப்பட்டுள்ள மூலங்களைத் திறந்து பார்ப்பது அடுத்த படி.

முகவரியையும் பூட்டுக் குறியையும் பார்த்து நம்புவது மிகப் பரவலான தவறு. முகவரியின் இறுதியில் ‘டாட் ஆர்க்’ என்று இருந்தால் அது தொண்டு நிறுவனம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த ஈற்றைக் கட்டணம் செலுத்தும் எவரும் பெறலாம். அமெரிக்க அரசுக்குரிய ‘டாட் கவ்’ போன்ற சில ஈறுகளுக்கு மட்டுமே தகுதி பார்க்கப்படுகிறது. முகவரிக்கு அருகில் தோன்றிவந்த பூட்டுக் குறி, உங்கள் உலாவிக்கும் அத்தளத்துக்கும் இடையில் செல்லும் தரவு பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்வது. மோசடித் தளங்களும் அந்தப் பூட்டை வைத்திருக்க முடியும். மக்கள் அதை நம்பகத்தன்மையின் அடையாளமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைக் கண்டே கூகுள் தன் குரோம் உலாவியிலிருந்து 2023இல் அந்தக் குறியை நீக்கியது.

இந்தச் செய்தியை இவர் எப்படி அறிவார்?

‘இது நம்பகமான தளமா’ என்ற கேள்வியைவிட, ‘இந்தக் குறிப்பிட்ட செய்தியை இவர் அறிந்திருக்க வழி உண்டா’ என்ற கேள்வியே கூர்மையானது. நம்பகத்தன்மை ஒரு தளத்தின் நெற்றியில் ஒட்டப்பட்ட நிரந்தர முத்திரை என்று நினைத்தால், நல்ல நாளிதழில் வரும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவும், சிறிய தளத்தில் வரும் எல்லாவற்றையும் தள்ளிவிடவும் பழகிவிடுவோம். இரண்டுமே நமக்குத் தீங்கானவை. புகழ்பெற்ற இயற்பியலாளர் ஊட்டச்சத்தைப் பற்றி எழுதினால், அந்தப் பொருளில் அவர் நம்மைப் போன்ற ஒரு வாசகரே. மாறாக, வெள்ளம் புகுந்த தெருவில் நிற்கும் பெயர் அறியாத ஒருவர், தண்ணீர் எந்த வீட்டின் படி வரை ஏறியது என்பதை எந்தத் தலைமை அலுவலகத்தையும்விட நன்றாக அறிவார். ஆனால் அணை எதற்காகத் திறக்கப்பட்டது என்பதை அவர் அறிய வாய்ப்பில்லை. ஆகவே ஒரு பக்கத்தில் உள்ள கூற்றுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, எது நேரில் கண்டது, எது துறை அறிவால் சொல்வது, எது பிறரிடம் கேட்டது, எது கருத்து மட்டுமே என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நாளிதழ்களைப் படிக்கும்போதும் இதே கவனம் தேவை. செய்தி, தலையங்கம், விருந்தினர் கட்டுரை, விளம்பரதாரர் பணம் கொடுத்து வெளியிடும் கட்டுரை ஆகிய நான்கும் ஒரே எழுத்துருவில், ஒரே முகப்பின் கீழ் வரக்கூடும். கடைசி வகையை அடையாளம் காட்டும் வரி பெரும்பாலும் சிறிய எழுத்தில் ஓரமாக இருக்கும். அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்க வேண்டும். ஓர் ஊடகம் தன் தவறுகளை எப்படித் திருத்துகிறது என்பதையும் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: என்ன தவறு, எப்போது திருத்தப்பட்டது என்பதைக் கட்டுரையின் கீழே வெளிப்படையாகக் குறிப்பிடும் ஊடகம், சத்தமில்லாமல் வரியை மாற்றிவிடும் ஊடகத்தைவிடப் பல மடங்கு மதிப்புக்குரியது.

ஊற்றைத் தேடிச் செல்லுதல்

இணையத்தில் நாம் படிப்பவற்றுள் பெரும்பகுதி ஏற்கெனவே எங்கோ சொல்லப்பட்டதன் மறுகூறலே. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் ஒரு நிபந்தனை உதிர்கிறது, ஓர் ஐயம் உறுதியாகிறது, ‘இருக்கலாம்’ என்பது ‘இருக்கிறது’ ஆகிறது. எனவே கூற்று எங்கே முதலில் பிறந்ததோ அந்த இடம் வரை பின்னோக்கிச் செல்ல வேண்டும். கட்டுரையில் இணைப்பு கொடுத்திருந்தால் அதைத் திறந்து, அந்தப் பக்கம் உண்மையிலேயே இந்தக் கூற்றைச் சொல்கிறதா என்று பாருங்கள். இணைப்பு இருப்பதைக் கண்டே மனநிறைவு அடைந்துவிடுகிறவர்கள் ஏராளம் என்பதால், கூற்றுக்கும் இணைப்புக்கும் தொடர்பே இல்லாத பக்கங்கள் தைரியமாக உலவுகின்றன. ‘ஆய்வு ஒன்று கூறுகிறது’ என்று மட்டும் எழுதி, எந்த ஆய்வு, எந்த ஆண்டு, யார் நடத்தியது என்பதைச் சொல்லாத கட்டுரையில் உள்ள அந்த வாக்கியத்தை, ஆய்வு கிடைக்கும் வரை ஆதாரமற்றதாகவே கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தப் பிரிவில் புகையிலையும் இருப்பதால், இறைச்சியும் புகையிலையும் ஒரே அளவு ஆபத்தானவை என்ற பொருளில் தலைப்புகள் பரவின. மூல அறிவிப்பைத் திறந்து படித்தவர்களுக்கு நிலைமை வேறாகத் தெரிந்தது. அந்தப் பிரிவுகள் ஆபத்தின் அளவைக் குறிப்பவை அல்ல, ஆபத்து உண்டு என்பதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்பதையே குறிப்பவை என்று முகமையே விளக்கியிருந்தது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோயின் ஆபத்து சுமார் 18 விழுக்காடு கூடுகிறது என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. இந்த 18 விழுக்காடு, ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின்மீது கணக்கிடப்படுவது. அந்த ஆபத்து நூற்றுக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேராக உயர்கிறது. தலைப்பு முழுப் பொய்யைச் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் படித்தவர் பெற்ற பொருள் முழுத் தவறு. விழுக்காட்டைக் காணும்போதெல்லாம் ‘எதில் அத்தனை விழுக்காடு’ என்று கேட்கும் பழக்கம் இத்தகைய தவறுகளிலிருந்து நம்மைக் காக்கும்.

பல இடங்களில் வந்திருக்கிறது என்பதைச் சான்றாகக் கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. 2009 மார்ச்சில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் இறந்தபோது, டப்ளினைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தாமே புனைந்த வாசகத்தை அவர் சொன்ன மேற்கோளாக விக்கிப்பீடியாவில் சேர்த்தார். ஆதாரம் இல்லை என்று விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்கள் அதை விரைவில் நீக்கினார்கள்; ஆனால் அதற்குள் பல நாடுகளின் நாளிதழ்கள் தம் இரங்கல் குறிப்புகளில் அதை எடுத்தாண்டுவிட்டன. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அந்த மாணவரே எழுதித் தெரிவிக்கும் வரை எவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த நாள்களில் ஒருவர் இந்த மேற்கோளைச் சரிபார்க்க முயன்றிருந்தால், மதிப்புமிக்க பல நாளிதழ்களில் அதைக் கண்டு உறுதிப்படுத்திக்கொண்டிருப்பார்; அத்தனைக்கும் ஊற்று ஒன்றே என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. ஆகவே எத்தனை இடங்களில் வந்திருக்கிறது என்று எண்ணுவதைவிட, அவற்றுள் எத்தனை இடங்கள் தாமாக விசாரித்து எழுதியவை என்று பார்க்க வேண்டும். வாக்கியங்கள் சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தாலோ, ஒரே செய்தி முகமையின் பெயர் எல்லாவற்றிலும் இருந்தாலோ, அவை அனைத்தும் ஒரே சாட்சிதான்.

ஆய்வுக் கட்டுரை என்ற முத்திரை

ஊற்று ஓர் அறிவியல் கட்டுரையாக இருக்கும்போது பலர் அத்துடன் நின்றுவிடுகிறார்கள். எல்லா ஆய்விதழ்களும் ஒரே தரத்தவை அல்ல என்பதை 2013இல் அறிவியல் பத்திரிகையாளர் ஜான் போஹனன் அழுத்தமாகக் காட்டினார். வேண்டுமென்றே அப்பட்டமான குறைகளுடன் புனையப்பட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையை அவர் எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க ஆய்விதழ்களுக்கு அனுப்பினார். அவற்றுள் 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. சயன்ஸ் இதழில் அவர் வெளியிட்ட இந்த விசாரணை, சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு உட்பட்டது என்று ஓர் இதழ் தானே சொல்லிக்கொள்வது போதாது என்பதைத் தெளிவாக்கியது. மறுபுறம், மிக உயர்ந்த இதழில் வந்தது என்பதும் முடிவான உறுதி ஆகாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. அந்த இதழ் அதை 2010இல் முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனாலும் அதன் முடிவை இன்றும் மேற்கோள் காட்டும் பக்கங்கள் உள்ளன. எனவே கட்டுரையின் தலைப்போடு ‘திரும்பப் பெறப்பட்டது’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லையும் (retracted) சேர்த்து ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. 2010 முதல் இத்தகைய கட்டுரைகளைத் தொடர்ந்து பதிவுசெய்துவரும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தளமும் இதற்கு உதவும்.

மருத்துவம் சார்ந்த கேள்விகளில் தனியொரு ஆய்வைவிட, ஒரே பொருளில் நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் தொகுப்பாய்வுகளுக்கு முதலிடம் கொடுங்கள். ப்ரீபிரின்ட் என்று குறிக்கப்பட்டவை மதிப்பீட்டுக்கு முன்பே பொதுவில் வைக்கப்பட்டவை. அவற்றில் சிறந்தவையும் உண்டு, பின்னர் கைவிடப்பட்டவையும் உண்டு என்பதை நினைவில் வைத்துப் படித்தால் போதும்.

படங்களும் காணொளிகளும்

பரவும் படங்களில் பெரும்பாலான ஏமாற்றுகளுக்குப் புதிதாக எதையும் புனைய வேண்டிய தேவையே இருப்பதில்லை. வேறொரு காலத்தில், வேறோர் இடத்தில் எடுக்கப்பட்ட உண்மையான படத்துக்குப் புதிய விளக்கம் எழுதினால் போதும். ஆகையால் படம் உண்மையா என்பதோடு, படத்தின்கீழ் எழுதியிருப்பது உண்மையா என்பதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற கருவிகளில் படத்தை இட்டு, அது முன்னர் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பார்த்து, கிடைத்தவற்றுள் மிகப் பழையதைத் திறவுங்கள். காணொளியாக இருந்தால் தெளிவான சில காட்சிகளை நிறுத்திப் படமாக்கித் தேடலாம். கடைப் பலகைகளின் எழுத்து, வாகனங்கள் செல்லும் பக்கம், நிழலின் திசை, மரங்களின் நிலை ஆகியவை இடத்தையும் காலத்தையும் காட்டிக்கொடுக்கும்.

வெள்ளம் சூழ்ந்த நெடுஞ்சாலையில், காருக்கு அருகே சுறா நீந்துவதாகக் காட்டும் படம் இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது. 2011இல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோவில் எடுத்ததாக வலம்வந்த அது, 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் எடுத்ததாக மீண்டும் வந்தது. தென்னாப்பிரிக்கக் கடலில் எடுக்கப்பட்ட வேறொரு படத்திலிருந்து வெட்டி எடுத்த சுறாவே அதில் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் 2022 செப்டம்பரில் இயன் புயலின்போது, ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் நகரில் வெள்ளம் நிறைந்த குடியிருப்புப் பகுதியில் சுறா போன்ற பெரிய மீன் நீந்துவதாக ஒரு காணொளி வந்தபோது, பழைய படத்தை அறிந்த பலர் இதையும் உடனே பொய் என்றார்கள். அசோசியேட்டட் பிரஸ் முகமை மூலக் காணொளியின் தரவையும் எடுக்கப்பட்ட இடத்தையும் ஆராய்ந்து, அது உண்மையானது என்று உறுதிசெய்தது. எதையும் நம்பாமல் இருப்பதும் சோதித்துப் பார்க்காமல் முடிவெடுப்பதுதான். ஐயம் கொள்வதோடு நின்றுவிடுகிறவர், பொய்யைப் பரப்புகிறவருக்கு வேறொரு வழியில் உதவுகிறார். ஏனெனில் எதுவுமே நம்பத்தக்கதல்ல என்ற மனநிலையில் உண்மையான சான்றுக்கும் மதிப்பு இல்லாமல் போகிறது.

செயற்கை நுண்ணறிவின் பதில்கள்

சாட்ஜிபிடி போன்ற உரையாடு கருவிகள் தரும் பதிலுக்கு மேற்சொன்ன முறைகளை அப்படியே பொருத்த முடியாது. ஏனெனில் அங்கே எழுதியவர் என்று ஒருவர் இல்லை, வெளியிட்ட தளத்தின் வரலாறும் இல்லை. பதிலில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் அதற்குரிய வெளி ஆதாரத்தில் சென்று பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். அத்தகைய தீர்ப்புகளே இல்லை என்பது தெரியவந்ததும் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இதில் நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, அந்த வழக்குகள் உண்மையானவையா என்று அவர்களுள் ஒருவர் அதே கருவியிடமே கேட்டார் என்பதும், உண்மையானவைதாம் என்று அது பதில் சொன்னது என்பதுமாகும். சொன்னவரிடமே திரும்பக் கேட்பது சரிபார்ப்பு ஆகாது. கருவி ஒரு நூலையோ ஆய்வையோ குறிப்பிட்டால், அதன் பெயரைத் தனியாகத் தேடி, அது இருக்கிறதா என்பதை முதலிலும், அது இந்தக் கூற்றைச் சொல்கிறதா என்பதை அடுத்தும் பாருங்கள்.

விடை கிடைக்காதபோது

எல்லாவற்றையும் இவ்வளவு ஆழமாகச் சோதித்துக்கொண்டிருக்க எவருக்கும் நேரம் இல்லை, தேவையும் இல்லை. உடல்நலம், பணம், வாக்கு, மற்றொருவரின் நற்பெயர் ஆகியவற்றைத் தொடும் தகவல்களுக்கு முழு முயற்சியைச் செலவிடுங்கள். மற்றவற்றுக்குத் தளத்தின் பெயரை ஒருமுறை தேடிப் பார்க்கும் அரை நிமிடம் போதும். ஒரு தகவல் உங்களைக் கடும் கோபத்துக்கோ பெருமிதத்துக்கோ உள்ளாக்கினால், அதை முதல் வகையில் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் நாம் சோதிக்க மறப்பது அத்தகைய வேளைகளில்தான். திரும்பத் திரும்பக் கேட்கும் கூற்று உண்மையாகத் தோன்றத் தொடங்குகிறது என்பது 1977 முதல் உளவியல் ஆய்வுகளில் காணப்பட்டுவருகிறது. ‘இதை ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறேன்’ என்ற உணர்வு எழுந்தால், எங்கே கேள்விப்பட்டோம் என்பதையும் நினைவுகூர முயல வேண்டும்.

சில வேளைகளில் எவ்வளவு தேடினாலும் தெளிவான விடை கிடைக்காது, குறிப்பாக நிகழ்வு நடந்துகொண்டிருக்கும் முதல் சில மணி நேரங்களில். அப்போது ஆம், இல்லை என்ற இரண்டுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பக்கத்தைச் சேமித்துவைத்து, மறுநாள் மீண்டும் தேடலாம். பக்கம் பின்னர் மாற்றப்படலாம் அல்லது நீக்கப்படலாம் என்று தோன்றினால், இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அதன் முகவரியை இட்டு ஒரு படியைப் பதிந்துவைக்கலாம். அதே இடத்தில் பழைய படிகளைத் திறந்து, கட்டுரை முன்பு எப்படி இருந்தது என்றும் ஒப்பிடலாம். பிறருக்குச் சொல்ல நேர்ந்தால், எங்கே படித்தீர்கள், அது எந்தத் தேதியில் வெளியானது, அதில் எதைச் சரிபார்த்தீர்கள், எதைச் சரிபார்க்க முடியவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அனுப்பியது தவறு என்று பின்னர் தெரிந்தால், எந்தக் குழுவில் அதைப் பகிர்ந்தீர்களோ அதே குழுவில் திருத்தத்தையும் இடுங்கள். பழைய பதிவை மட்டும் நீக்கிவிட்டு இருந்துவிட்டால், அதை ஏற்கெனவே படித்துவிட்டவர்களுக்கு அது தவறு என்பது தெரியாமலே போகும்.